டயர் பெரிசா? பிரேக் பெரிசா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா தம்பி!"

எங்கள் அண்ணன் என்னைப் பார்த்து இதைச் சொல்லாத வாரமே கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கிளீனராகப் போய், டிரைவராகி, கடைசியில் கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்து ஓட்டுகிறவர். ஊட்டியில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவார். அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். என் செமஸ்டர் பீஸும் அதிலிருந்துதான் வருகிறது. அப்படிப்பட்டவரைப் பற்றி ஆண்டு மலரில் எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நம்மில் பல பேர் வீட்டு வாசலில் இப்படி ஒரு வண்டி நிற்கிறது. அந்த வீடுகளிலும் நான் செய்த தப்பு நடக்கலாம்.

விஷயம் இதுதான். அண்ணனுக்குச் சீட்டுப் பணம் 50,000 ரூபாய் கைக்கு வந்தது. வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டும். பிரேக்கை முழுதாகப் பிரித்துப் பார்க்கலாம். பின்னால் தொங்கிப்போன ஸ்பிரிங் பட்டைகளைச் சரி செய்யலாம். தேய்ந்த டயருக்குப் பதில் அதே அளவில் புது டயர் போடலாம். அல்லது பெரிய டயர் போடலாம். அண்ணன் மனசு பெரிய டயரில் விழுந்துவிட்டது. ஸ்டாண்டில் நிற்கிற இன்னொரு வண்டியில் போட்டிருந்தார்களாம். "பார்க்கவே கெத்தா இருக்குடா! ரோட்டை நல்லாப் பிடிக்குமாம், இன்னும் முந்நூறு கிலோ சேர்த்து ஏத்தலாமாம்!"

அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். நாம் எல்லோரும் போடக்கூடிய கணக்குதான். வண்டியில் இருந்தது 215/75 ஆர்15. அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவர் அதில் 75 சதவீதம். மேலும் கீழுமாக இரண்டு சுவர், 322.5. நடுவில் ரிம் 15 அங்குலம், அதாவது 381. மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டர். அண்ணன் கேட்டது 235/75 ஆர்15. அதே வழியில் போட்டால் 733.5 வருகிறது. வித்தியாசம் 30 மில்லிமீட்டர், சுமார் 4.3 சதவீதம்.

முப்பது மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். முதலில் லாபத்தைப் பார்ப்போம். தரைக்கும் டிபரன்ஷியலுக்கும் உள்ள இடைவெளி பாதிதான் கூடும்: 15 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் அகலம்! இனி நஷ்டம். டிரம்மில் பிரேக் பிடிக்கிற முறுக்குவிசை அதேதான். அதை ஆரத்தால் வகுத்தால்தான் ரோட்டில் கிடைக்கிற விசை. ஆரம் கூடினால் விசை குறையும், சுமார் 4 சதவீதம். மேடு ஏறும்போது இழுக்கிற விசையும் அதே கணக்கில் குறையும். இறக்கத்தில் கியரில் போட்டு எஞ்சினால் வேகத்தை அடக்குகிறோமே, அதுவும் குறையும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.5-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

முந்நூறு கிலோ கூடுதல் என்பது அதைவிடப் பெரிய பொய். ஒரு டயர் எவ்வளவு தாங்கும் என்பதை அதன் அளவு சொல்லாது. பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் சுமைக் குறியீட்டு எண்தான் சொல்லும். 100 என்று இருந்தால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். சொகுசு வண்டிக்கான பெரிய டயரைவிடச் சரக்கு வண்டிக்கான சின்ன டயர் அதிகம் தாங்குவதும் உண்டு. சரி, டயர் தாங்கினாலும் ஆக்சில் தாங்குமா? பேரிங், ஸ்பிரிங், பிரேக் எல்லாம் பழையதுதானே? ஒரு சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடியாக்கினால் சங்கிலி பலமாகிவிடுமா?

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை மூடிவிட்டேன்.

காரணம் கணக்கில் சந்தேகம் இல்லை. படிப்பை விட்டு எனக்குப் படிப்பைக் கொடுத்தவரிடம் போய், "அண்ணா, உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று எப்படிச் சொல்வது? ஏட்டுச் சுரைக்காய் என்பாரே! பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் கடைக்கு நானும் கூடவே போனேன். டயர், ரிம், பிட்டிங் என்று பணம் முழுக்கக் கரைந்தது. "பிரேக்கை அடுத்த சீட்டுல பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன்.

பரீட்சை லீவில் ஒருநாள் அண்ணனோடு ஊட்டிக்குப் போனேன். கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். வண்டியும் சுமையும் சேர்ந்து சுமார் 2,900 கிலோ. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325. இடையில் 50 கிலோமீட்டர் போல ரோடு. அதாவது 1,900 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறோம். எடை, புவிஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 54 மெகாஜூல் வரும். ஒன்றரை லிட்டர் டீசல் எரிந்தால் வருகிற வெப்பம் அது. எஞ்சினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் பிரேக்கில்தான் போய் இறங்க வேண்டும்.

பர்லியார் தாண்டி ஒரு வளைவில் அண்ணன் பெடலை மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி கீழே போயிற்று. மறுபடி மிதித்தார். மறுபடியும் கீழே. ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தார், வண்டி அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைப் பக்கமாக ஒதுக்கி, மண்மேட்டில் உரசி நிறுத்தினார். எதிரே வண்டி வரவில்லை. அது எங்கள் அம்மா கும்பிட்ட சாமி புண்ணியம்! அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தக் கை நடுங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் தானாகவே திரும்பக் கிடைத்தது. நண்பர்களே, நமக்குப் புரிகிறதல்லவா? பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புது டாட் 3 ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய பிறகுள்ள வரையறை 140 டிகிரிதான். மேட்டுப்பாளையம் மெக்கானிக் மூடியைத் திறந்தபோது ஆயில் கருப்பட்டிக் காபி நிறத்தில் இருந்தது. பின்சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருந்தது. மொத்தத்தையும் சரி செய்ய ஆன செலவு, ஒரு பெரிய டயரின் விலைகூட இல்லை!

இங்கே நான் நியாயமாகப் பேச வேண்டும். அன்று எங்களைப் பள்ளத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனது அந்த 4 சதவீதம் அல்ல. டயர் குற்றவாளி இல்லை. டயருக்குப் போன காசுதான் குற்றவாளி. பிரேக்குக்குப் போக வேண்டிய காசு கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குப் போய்விட்டது. பிரேக் ஆயில் மாற்றினால் ஸ்டாண்டில் யாரும் "கெத்து" என்று சொல்லமாட்டார்களே!

எனவே, சரக்கு வண்டிக்குச் செலவு செய்வதில் ஒரு வரிசை வேண்டும் என்பது என் கருத்து. முதலில் நிற்க வேண்டும். பிறகு தாங்க வேண்டும். பிறகு உருள வேண்டும். அழகு கடைசி.

நிற்பதற்கு: லைனிங், வீல் சிலிண்டர், டிரம், ஓஸ் எல்லாம் பார்ப்பது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரேக் ஆயிலை மாற்றுவது. தாங்குவதற்கு: தொங்கிய ஸ்பிரிங்கைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, புஷ் மாற்றுவது. கூடுதல் பட்டை செருகுவதல்ல! பல பிக்கப்களில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு வால்வு உண்டு. சுமையில் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். கூடுதல் பட்டை போட்டால் வண்டி அமுங்காது. வால்வு அதைக் காலி வண்டி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உருளுவதற்கு: கம்பெனி சொன்ன அதே அளவில், சரியான சுமைக் குறியீடுள்ள நல்ல டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரித்தது. அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பெரிய டயரே கூடாதா? எஸ்டேட் மண்பாதையிலேயே ஓடுகிற வண்டிக்கு, அதே மாடலுக்குக் கம்பெனியே அனுமதித்த அடுத்த அளவு இருந்தால் தாராளமாகப் போடலாம். அதற்கு வெளியே போனால் சட்டமும் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதிகமாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. முந்நூறு கிலோ கேரட்டில் இதை எப்படி ஈடுகட்டுவது?

கடைசியாக ஒன்று. நாம் மூன்று வருஷம் படிப்பது பரீட்சைப் பேப்பரில் எழுதிவிட்டு வர மட்டும்தானா? நம் வீட்டுக்காரர்கள் அனுபவத்தில் நம்மைவிடப் பெரியவர்கள். அன்று பர்லியாரில் எங்களைக் காப்பாற்றியது அண்ணனின் கையும் காலும்தான், என் நோட்டு அல்ல. ஆனால் அந்த நோட்டை முன்னாடியே திறந்து காட்டியிருந்தால், அந்தக் கைக்கு அப்படி ஒரு சோதனையே வந்திருக்காது. மரியாதை வேறு, மௌனம் வேறு. தெரிந்ததைப் பணிவாகச் சொல்வதும் மரியாதைதான். அவர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டுமே!

பிறகு ஒருநாள் மூடியிருந்த அந்தக் கடைசிப் பக்கத்தை அண்ணனிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதை அப்பவே போட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த டயர் பழைய அளவில்தான் என்று முடிவாகிவிட்டது. போன வாரம் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது:

"டேய் தம்பி, அந்தச் சுரைக்காயை எடுத்துட்டு வா. ஸ்பிரிங்குக்கு ஒரு கணக்குப் பாக்கணும்!"

— இறுதியாண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு