முன்பல் கேப்பும் ஈறுகளும்: நிக்காஹ் அவசரத்தில் நாம் கேட்க மறப்பவை



பெண் பார்க்கும் இடத்தில் முன்பல்லுக்குக் கிடைக்கும் கவனம் நாம் அறியாததன்று. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் நிக்காஹ் தேதி குறித்த கையோடு மகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர் உண்டு. இருபது நாளில் முடித்துத் தர வேண்டும் என்பதே நாம் வைக்கும் முதல் நிபந்தனை. நிறத்தைப் பேசுகிறோம், விலையைப் பேசுகிறோம். ஈறுகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை.

முதலில் மார்க்கத்தின் பார்வை. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மறுபுறம், குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. குறையை நீக்குவது வேறு, படைப்பை மாற்றி அழகு தேடுவது வேறு என்று உலமாக்கள் பிரித்துக் காட்டுவது இவ்விரண்டையும் வைத்துத்தான்.

உடைந்த பல்லும், வேர் சிகிச்சை செய்த பல்லும் குறையே. தண்ணீரால் கறைபட்ட பல்லும் அவ்வாறே என்பது நம் எண்ணம். பாறைகளினூடே ஊறிவரும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்தால், பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே எனாமலில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் ஏற்பட்டுவிடுகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அண்டையிலுள்ள கிருஷ்ணகிரிக்கும் அதையடுத்த தருமபுரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இந்தப் பாதிப்பும் ஒரு காரணம். பல் துலக்காத பெண் என்று முகம் சுளிக்கும் மாப்பிள்ளை வீட்டார் இதை அறிந்திருப்பது நல்லது. இலேசான கறையை மேற்பரப்பைத் தேய்த்தே குறைக்க இயலும். அதற்குப் போய் நல்ல பல்லைச் சுற்றிலும் அராவிக் கேப் போடுவதை நாம் ஏற்பதற்கில்லை. அராவிய எனாமல் மீண்டும் வளராது.

கேப் தேவைதான் என்று முடிவானால், அழகும் ஆரோக்கியமும் கேப்பைப் போலவே ஈறுகளையும் பொறுத்தவை. ஈறு வெறும் தோல் மூடியன்று. தாடை எலும்புக்கு மேலே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அளவுக்கு அது பல்லோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. கார்ஜுலோவும் அவருடைய சகாக்களும் 1961இல் வெளியிட்ட அளவீட்டில் சராசரி 2.04 மில்லிமீட்டர். கேப்பின் விளிம்பு அந்த ஒட்டுப்பகுதிக்குள் புகுந்துவிட்டால் ஈறு ஓயாது சிவந்து வீங்கும். அடியிலுள்ள எலும்பும் கரையத் தொடங்கலாம். ஆகவே விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே 3 மில்லிமீட்டராவது விடுவது மருத்துவர்களின் வழக்கம். இந்த இடம் போதாதபோது ஈறுகளையும், சில வேளை எலும்பையும் சீர்செய்கிறார்கள். எலும்பைக் கணக்கில் கொள்ளாமல் லேசரால் ஈறுகளை மட்டும் நறுக்கினால், அன்றைக்கு வரிசையாகத் தெரியும். நாளடைவில் ஈறு பழைய இடத்துக்கே வளர்ந்து வரும், அல்லது வீங்கியே நிற்கும்.

நடுப்பற்கள் இரண்டிலும் ஈறுகளின் வளைவு ஒரே உயரத்தில் இருந்தால்தான் சிரிப்பு இயல்பாகத் தோன்றும். பக்கத்துப் பற்களில் அது சற்றே கீழிறங்கி நிற்கும். இவ்வளைவை உருவாக்கத் தற்காலிகக் கேப்பைப் பொருத்தி, அதன் வடிவைச் சிறிது சிறிதாக மாற்றி, ஈறு அதற்கேற்பப் படியும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எலும்பையும் தொட்ட அறுவை என்றால், முன்பற்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை தேவைப்படும்.

கேப் போட இவ்வாறு ஈறுகளைச் சீர்செய்வதை அலங்காரம் என்று நாம் கருதவில்லை. அது சிகிச்சையின் பகுதி. நலமான பல்லும் நலமான ஈறுகளும் உள்ளவர், சிரிக்கும்போது ஈறு அதிகம் தெரிகிறது என்பதற்காக மட்டும் அறுத்துக்கொள்வது வேறு. அதற்கு முன் ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் அன்றாடத் தொழுகைக்கும் இதில் தொடர்பு உண்டு. நன்றாகப் பொருந்திய நிரந்தரக் கேப்பைக் கடமையான குளிப்புக்காகக் கழற்ற வேண்டியதில்லை. பொருந்தாத கேப்போ ஒவ்வொரு மிஸ்வாக்கின்போதும் ஈறுகளில் இரத்தம் வரச் செய்கிறது. உமிழ்நீரை மிகைக்கும் அளவுக்கு, அல்லது அதற்குச் சமமாக இரத்தம் வந்தால் ஹனஃபி மத்ஹபில் உளூ முறிந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் ஹனஃபிகள். ஒரு மாதத்தில் முடித்த வேலைக்காக ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு வக்திலும் எச்சிலின் நிறம் பார்த்து நிற்கும் நிலை அந்தப் பெண்ணுக்கு ஏன் வர வேண்டும்?

பேச்சு முடிந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். விளிம்பு எங்கே நிற்கும், ஈறு ஆற எத்தனை நாள் என்ற இரண்டையும் கேளுங்கள். நாள் போதாதென்றால் தற்காலிகக் கேப்புடனேயே நிக்காஹ் நடக்கட்டும். நிரந்தரக் கேப்பை, இன்ஷா அல்லாஹ், வலீமா முடிந்து ஆற அமரப் பொருத்திக்கொள்ளலாம்.