பட்டாசு ஆலை விபத்துக்கு 'உராய்வு' மட்டும்தான் காரணமா? ஹசார்டு வேறு, ரிஸ்க் வேறு!

விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பட்டாசு ஆலை வெடித்தாலும், செய்தியில் பெரும்பாலும் ஒரு வரி வந்துவிடும்: மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி... ஊர் மாறுது, வருஷம் மாறுது, இந்த வரி மட்டும் மாறுவதில்லை.

வேதியியல்படி அந்த வரி சரிதான். ஆனால், பட்டாசு மருந்து உரசினால் தீப்பிடிக்கும் என்பது சிவகாசியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒவ்வொரு முறையும் புதுசாகக் கண்டுபிடித்ததுபோல எழுதிவிட்டு, ஃபைலை மூடிவிடுகிறோம். பணியிடப் பாதுகாப்பின் முதல் பாடத்தையே நாம் படிக்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

அது என்ன முதல் பாடம்?

ஹசார்டு, ரிஸ்க் என்ற இரண்டையும் தமிழில் 'ஆபத்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒன்றல்ல.

ஊருக்கு வெளியே ஒரு பாழுங்கிணறு இருக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிணறு ஹசார்டு. அதில் ஒருவர் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் என்ன ஆகும், இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ரிஸ்க். சுற்றுச்சுவர் கட்டி மேலே கம்பி வலை போட்டால் ரிஸ்க் குறையும். சுவர் இடிந்து, பக்கத்திலேயே பள்ளிக்கூடப் பாதையும் வந்துவிட்டால் ரிஸ்க் எகிறும். கிணற்றின் ஆழம் அதேதான். மாறியதெல்லாம் அதைச் சுற்றி மனிதர்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும்.

நிறுவனங்கள் 'ரிஸ்க் அசெஸ்மென்ட்' செய்யும்போது இதையே மார்க் போட்டு எழுதுகின்றன. நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்பின் அளவுக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கினால் ஒரு எண். பட்டாசு மருந்துக்குப் பாதிப்பு எப்போதுமே 5. அப்போ உண்மையான கேள்வி, அந்த இன்னொரு எண்ணை ஏற்றுவது எது?

எண்ணை ஏற்றுவது எது?

முதலில், ஆள் எண்ணிக்கை. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் இருக்கத்தான் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள். ஆர்டர் குவிந்ததும் அதே அறைக்குள் கூடுதல் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். இடம் பத்தாமல் மரத்தடியிலும் வேலை நடக்கிறது. ஒரு தீப்பொறி எத்தனை வீட்டில் ஒப்பாரி வைக்கும் என்பதை முடிவு செய்வது, அந்த நேரத்தில் அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான். முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம்.

இரண்டாவது, கூலி. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் வேகம்தான் சம்பளம். மருந்தை மெதுவாகக் கையாளணும், வெயில் ஏறுவதற்கு முன் கலவை வேலையை முடிக்கணும், மீந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பதெல்லாம் தொழிலாளிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மெதுவாகச் செய்தால் அன்றைய வருமானம் குறையும். அவரை அந்த நெருக்கடியில் நிறுத்திவிட்டு, பிறகு 'அலட்சியம்' என்று எழுதுவது நியாயமா?

மூன்றாவது, உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் பலருக்குக் குத்தகைக்குப் போயிருக்கும். 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அச்சங்குளம் விபத்திலும் ஆலை இப்படிக் கைமாறியிருந்தது வெளியே வந்தது. குத்தகைதாரருக்கு, கொடுத்த பணத்தைக் குறுகிய காலத்தில் எடுத்தாகணும். மொத்த ஆலையிலும் எவ்வளவு மருந்து, எத்தனை பேர் என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரமும் யாரிடமும் இருக்காது.

இந்த மூன்றில் எதுவுமே வேதியியல் இல்லை. மூன்றுமே பணம் சம்பந்தப்பட்ட முடிவுகள். ரிஸ்க் படிவத்தில் 'உராய்வு' என்று மட்டும் எழுதி, கூலி முறையையும் குத்தகையையும் எழுதாமல் விட்டால், அது மதிப்பீடே அல்ல என்பது என் கருத்து.

ஹெல்மெட் ஏன் கடைசி?

ரிஸ்க்கைக் குறைக்க உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட ஒரு வரிசை உண்டு. முதலில், ஆபத்தான பொருளையோ வேலையையோ அடியோடு நீக்க முடியுமா? முடியாவிட்டால், ஆபத்து குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைக்கலாமா? அடுத்தது, மனிதருக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு, இயந்திரம், இடைவெளி. அதன் பிறகுதான் விதி, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கடைசிக் கடைசியாகத்தான் ஹெல்மெட், கையுறை.

நம் ஊரில் இந்த வரிசை தலைகீழ். விபத்து நடந்ததும் பயிற்சி முகாம், விழிப்புணர்வுப் பேரணி. செலவு குறைவு, போட்டோவுக்கும் நல்லது. பருத்தி உடை நிலைமின்சாரத்தைக் குறைக்கும், கட்டாயம் வேண்டும். ஆனால் அறையே இடிந்து விழும்போது எந்த உடையும் காப்பாற்றாது. ஆட்கள் தள்ளி நிற்க, கலவையை இயந்திரம் செய்வதும், ஓர் அறையில் இருக்கும் மருந்தின் அளவைக் குறைப்பதும்தான் உயிரைக் காக்கும்.

ஆலைகளை மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பவர்களும் உண்டு. வேறு பிழைப்பு இல்லாத ஊரில் கதவைச் சாத்தினால், இதே வேலை லைசென்ஸ் இல்லாத வீட்டுத் திண்ணைக்குப் போகும். அங்கே ஆய்வாளரும் வரமாட்டார், இடைவெளியும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் என்ன ஆபத்து என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும். பாதுகாப்புக் குழுவில் நிர்வாகத்துக்குச் சமமாகத் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், அதை எடுத்துச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020 பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த எச்சரிக்கும் உரிமை தொடர்கிறது.

ஏட்டில் எல்லாம் இருக்கு. ஆனால் நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர், குத்தகைதாரரிடம் போய் "அண்ணே, இந்த ரூம்ல ஆள் ஜாஸ்தி" என்று சொல்ல முடியுமா? சொன்னவரின் கூலி பறிபோகாது என்ற உறுதி இல்லாதவரை, அந்த உரிமை காகிதத்தில்தான்.

நமக்கு இதில் என்ன வேலை?

ஏசி அறையில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நமக்கும் கணக்கு இதேதான். உணவு டெலிவரி செய்பவருக்குச் சாலை ஹசார்டு என்றால், ஆர்டருக்கு இவ்வளவு என்ற சம்பளம் ரிஸ்க்கை ஏற்றுகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் ஊழியருக்கு, தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்த கேப் டிரைவரே ரிஸ்க்.

அடுத்த முறை உங்கள் ஆபீஸில் 'சேஃப்டி ட்ரெயினிங்' மெயில் வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மதிப்பீட்டைத் தயாரித்தபோது அந்த வேலையைச் செய்பவரிடம் பேசினீர்களா? டெட்லைனும் ஆள் பற்றாக்குறையும் இதில் எழுதப்பட்டிருக்கா? வேலையை நிறுத்தச் சொன்னவருக்கு என்ன ஆகும்?

பட்டாசு ஆலை விபத்து பற்றிய அடுத்த செய்தியைப் படிக்கும்போதும், உராய்வைத் தாண்டி ஒரு வரி தேடுங்கள்: அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் அனுமதித்தார்கள்?