கடைமுகமும் இணையமுகமும்

பட்டர்வொர்த்திலும் எதிர்க்கரையாகிய ஜார்ஜ் டவுனிலும் நம் தமிழ் வணிகர் சிலர் தங்கள் கடைகளுக்கு இணையத்தளம் அமைக்க முற்பட்டிருக்கின்றனர். காலத்திற்கேற்ற முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் அத்தளத்தின் தோற்றத்தை அவர்கள் திட்டமிடும் முறையைக் காணுங்கால், நமக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன.

முதலில் நிறத்திற்கு ராசி பார்க்கிறார்கள். பிறகு திறப்பு விழாவுக்கு நல்ல நேரம் தேடுகிறார்கள். முகப்பில் தெய்வப் படம். அதன்கீழ் முதலாளியின் படம். சுற்றிலும் ஓயாது அசையும் அலங்காரங்கள்! சரக்கின் விலை எங்கே? கடை திறக்கும் நேரம் எங்கே? தொலைபேசி எண் எங்கே? இவையெல்லாம் இருக்கட்டும், தமிழ் எங்கே? தமிழைப் போட்டால் தரம் குறைந்து தோன்றுமாம்! தமிழன் கொடுக்கும் காசு மாத்திரம் தரம் குறைவதில்லை போலும்!

வசதியில்லை என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. அச்சுக் கோப்போர் சிரமம் குறையும் பொருட்டு, 1935இல் 'குடி அரசு' இதழிலேயே பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் இந்நாட்டவராகிய முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத 'முரசு' மென்பொருளை ஆக்கினார். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். இன்று கைப்பேசிகளிலும் தமிழ் இருக்கிறது. இல்லாதது நம்மவர் மனத்தில்தான்.

வேறு சிலர் தமிழ் வாசகத்தைப் படமாக்கி ஒட்டிவிட்டுக் கடமை தீர்ந்ததாக எண்ணுகின்றனர். படத்துள் அடைபட்ட எழுத்து தேடுவோர்க்கு எளிதில் அகப்படாது. முதியோர் பெரிதாக்கினால் மங்கிப் போகும். பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் கருவிக்கும் பெரும்பாலும் புலப்படாது. கனத்த படங்கள் நிறைந்தால் பக்கம் திறப்பதற்கும் தாமதமாகும். காத்திருக்கப் பொறாதவர் அடுத்த கடைக்குப் போவார். நட்டம் யாருக்கு?

ஆங்கிலமும் மலாயும் கூடாதென்பது நமது வாதமன்று. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாம் அதனைப் பகைக்கவில்லை. மூன்று மொழியிலும் எழுதுங்கள். தமிழை விலக்காதீர்கள் என்பதே நமது கோரிக்கை. வாங்குபவர் யார், அவர் எதைத் தேடி வருகிறார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். நிறமும் அலங்காரமும் அதன்பின் வரட்டும். தோட்டத்திலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த மூதாட்டி ஒருவர், பேரப்பிள்ளையை எதிர்பாராமல் தாமே படித்து விலையறிந்து பொருள் வாங்கக்கூடுமாயின், அத்தளம் நன்கு அமைந்தது என்போம். தங்கள் தளம் இச்சோதனையில் தேறுமா என்பதை வணிகப் பெருமக்கள் பணம் செலவிடுமுன் சிந்திப்பார்களாக!