‘கொக்கு’ வாசித்த வாரம்

நவம்பர் 14 வந்துவிட்டால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இரண்டு பாரதியாராவது இருப்பார்கள். அப்பாவின் துண்டில் தலைப்பாகை, கண்மையில் மீசை. நேரு மாமாவுக்கு ரோஜா கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுச் செம்பருத்தி. அன்று மாலையே அந்தப் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனால், அதே வாரத்தில் பள்ளிக்குள் நடந்த பெரிய விஷயம் பெரும்பாலும் எந்தப் படத்திலும் இருக்காது.

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இப்படி ஒரு பள்ளி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், நாற்பது சொச்சம் பிள்ளைகள், ஒரு தலைமை ஆசிரியர், ஒரு டீச்சர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலைகளை எண்ணினால் அது சரிதான். வகுப்புகளை எண்ணினால்? ஐந்தை இரண்டால் வகுத்தால் எப்படியும் ஒன்று மீதி வரும். அந்த மீதி தினமும் யாராவது ஒருவர் தலையில்தான் விழுகிறது.

குழந்தைகள் தின வாரத்தின் திங்கட்கிழமை, பள்ளி விழித்துக்கொள்வது மணி அடிக்கும்போது அல்ல, அடுப்பு பற்றவைக்கும்போது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், முதல் கட்டமாக 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். பல இடங்களில் அவர்களுடைய பிள்ளையும் அதே பள்ளியில்தான் படிக்கும். சாம்பாரில் உப்பு குறைந்தால் அந்தப் பிள்ளை மாலையில் வீட்டில் சொல்லிவிடும். இதைவிடக் கறாரான உணவு ஆய்வாளர் யார் இருக்க முடியும்?

சாப்பிட்டு, கை கழுவி, வரிசையில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்து பாடி, ஒரு திருக்குறள் சொல்லி, ஐந்தாம் வகுப்புப் பையன் செய்தித்தாளின் தலைப்புகளைத் திக்கித் திக்கி வாசித்து முடிக்கிறான். அதன் பிறகு வருகைப் பதிவு. இப்போது அது செல்போன் செயலியில். சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி டீச்சர் வாசற்படி வரை நடக்க வேண்டியிருக்கிறது. வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அங்கிருந்தபடியே ஒரு போன். “தம்பியப் பாத்துக்க ஆளு இல்லீங்க டீச்சர்” என்று ஒரு அம்மா. “ஆயா ஊருக்குப் போயிருக்கா” என்று இன்னொரு வீடு. திங்கட்கிழமை வராத பிள்ளை புதன்கிழமையும் வராது என்பது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்குப் பழகிப்போன கணக்கு. அதனால்தான் அந்தப் போன்.

செவ்வாய்க்கிழமை மழை. மாவட்ட ஆட்சியர் விடுமுறை விட்டுவிட்டார். தொலைக்காட்சியில் அதைக் கேட்டுக் குதிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. காலை உணவும் மதியச் சோறும் முட்டையும் இல்லாத நாள் அது என்று கணக்குப் பார்க்கும் வீடுகளும் உண்டு. அவற்றைத் தொலைக்காட்சி காட்டாது.

புதன்கிழமை வானம் கொஞ்சம் வெளுக்கிறது. இந்த வாரத்தின் கதையே இனிமேல்தான்.

ஒன்று முதல் மூன்று வரை படிக்கும் பிள்ளைகள் ஒரே அறையில், தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பைப் பிடித்துக்கொள்வதற்காக 2022 ஜூனில் வந்த திட்டம் இது. இதில் பிள்ளைகளை வகுப்பை மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை. எந்த நிலையில் இருக்கிறார்கள் என்றும் பார்க்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று அந்த நிலைகளுக்குப் பெயர். எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை அரும்பு. சொற்களுக்குள் நுழைந்துவிட்டால் மொட்டு. பெயர் வைத்தவருக்கு ஒரு நன்றி சொல்லலாம். ‘மக்கு’ என்ற பழைய சொல்லைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த வட்டத்தில் ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி இருக்கிறாள். ஜூனில் அரும்பு, ஆகஸ்டில் அரும்பு, தீபாவளிக்குப் பிறகும் அரும்பு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் தைப் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்குப் போகிறவர்கள். மழைக்காலம் வரும்வரை வேலை அங்கேதான். பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனால் படிப்பு தொடரும். கூடவே கூட்டிக்கொண்டு போனால் வேறு ஊர், வேறு பள்ளி, வேறு டீச்சர். சூளைப் பிள்ளைகளுக்காகச் சிறப்புப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஆனாலும் புது இடத்தில் பிள்ளை வாய் திறக்கவே ஒரு மாதம் ஆகிவிடும். அதனால் டீச்சர் மனதுக்குள் ஒரு கெடு வைத்திருக்கிறார். தை பிறப்பதற்குள் இவள் சொற்களை வாசித்துவிட வேண்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் கையில் கிடைத்ததைப் படித்துக்கொள்ளும்.

தமிழ் வாசிப்பதில் என்ன கஷ்டம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். கற்றுக்கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ‘படம்’ என்று அழகாக வாசிக்கும் பிள்ளை ‘பட்டம்’ வந்தாலும் ‘படம்’ என்றே சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நடுவில் புள்ளி வைத்து நிற்கும் ‘ட்’ அதன் கண்ணிலேயே படாது.

அதைவிடப் பெரிய வம்பு, கொம்பு. ‘கொ’ என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அடுத்தது ‘க’, கடைசியில் கால். வாயிலோ ஒரே ஓசை. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகு வாயைத் திற என்றால், ஆறேழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ‘கெ’ என்று ஆரம்பித்து, காலைப் பார்த்ததும் விழிக்கும்.

அவளும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் நீட்டிய அட்டையில் ‘கொக்கு’.

“கெ...”

டீச்சர் திருத்தவில்லை. அட்டையைத் தரையில் வைத்து, கொம்பின் மேல் ஒரு விரலும் காலின் மேல் ஒரு விரலுமாக வைத்தார். “இது ரெண்டும் ‘க’வோட ரெண்டு கை. ரெண்டு கையையும் பிடிச்சாத்தான் நடக்கும். ஒத்தக் கையப் பிடிச்சு இழுக்காத.”

அவள் அட்டையையே பார்த்தாள். பக்கத்தில் இருந்த மூன்றாம் வகுப்புப் பையன் முந்திக்கொண்டு சொல்ல வாயெடுத்தான். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். தெரிந்த விடையைச் சொல்லாமல் இருப்பது அந்த வயதில் சாதாரணப் பாடு அல்ல.

“கொ... கொ... க்... கொக்கு!”

சொல்லிவிட்டு அவள் டீச்சரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் நிற்கும் வயலில் வெள்ளையாக நான்கைந்து நின்றுகொண்டிருந்தன. “அதானே டீச்சர்?”

அதுவேதான். பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கொடி, கொய்யா, பொட்டு, தொட்டி என்று அட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ‘கோழி’யில் மறுபடி தடுமாறினாள். இரட்டைச் சுழிக் கொம்பு இன்னொரு நாளைக்கு. ‘ழ’வை ‘ள’ என்று சொன்னதையும் டீச்சர் அன்றைக்கு விட்டுவிட்டார். பெரியவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள்.

அடுத்த அறையில் அதே நேரம் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வகுத்தல் கணக்கு நடந்தது. பாதியில் தலைமை ஆசிரியருக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உடனே அனுப்ப வேண்டிய புள்ளிவிவரமாம். பிள்ளைகள் அந்தக் கணக்கை வியாழக்கிழமை முடித்தார்கள். இரண்டு ஆசிரியர் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது ‘ஏன் கற்றல் திறன் குறைவு?’ என்று கேட்கிறவர்கள், இந்தப் போன்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

வியாழன் முழுக்க ஒத்திகை. பாரதியார் இருவருக்குள் யார் முதலில் மேடையேறுவது என்று சண்டை. காய்கறி வேடம் போட வேண்டியவள் கத்தரிக்காய் பிடிக்காது என்று அழுததில் வெண்டைக்காயாக மாறினாள்.

வெள்ளிக்கிழமை விழா. மேடை என்பது இரண்டு பெஞ்ச், பின்னால் கட்டிய ஒரு சேலை. பெற்றோரில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டதால் வந்தவர்களில் பாட்டிகளே அதிகம். ஊரிலிருந்து வெளியூர் போய் நன்றாக இருக்கும் ஒருவர் பரிசுக்கு எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் பரிசு வெண்டைக்காய்க்கு. பாரதியார்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டாம் பரிசு. டம்ளர் மட்டும் ஆளுக்கு ஒன்று, இல்லையென்றால் மறுபடி சண்டை வரும். பாட்டிகள் படம் எடுக்கத் தெரியாமல் செல்போனைத் தலைகீழாகப் பிடித்தார்கள்.

‘கொக்கு’ வாசித்தவளுக்குப் பரிசு எதுவும் இல்லை. அவள் வேடம் போடவும் இல்லை. வேடத்துக்குச் செலவு செய்ய வீட்டில் தோதுப்படவில்லை. கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் தன் பதிவில் அவள் பெயருக்கு நேராக இருந்த ‘அரும்பு’ என்பதை ‘மொட்டு’ என்று மாற்றினார். பிறகு வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தார். ஒரு கதைக்கு ஒரு புத்தகம் என்று ஒல்லி ஒல்லியாக வந்த வரிசை அது. நுழை, நட, ஓடு, பற என்று அதிலும் நான்கு படிகள். ‘நுழை’யிலிருந்து ஒன்றை எடுத்து அவள் பையில் வைத்தார். சில சொற்கள் அவளுக்கு இன்னும் கஷ்டம்தான். இருக்கட்டும், படங்கள் இருக்கின்றனவே.

“யாருக்கு வாசிச்சுக் காட்டப் போற?”

“பாட்டிக்கு. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது.”

திங்கட்கிழமை புத்தகம் திரும்பி வர வேண்டும். கசங்காமல் கொண்டு வா என்று டீச்சர் சொல்லவில்லை. அட்டையில் எண்ணெய்க் கறையோ அடுப்புக் கரியோ ஒட்டிக்கொண்டு வந்தால், வீட்டில் யாரோ கிட்டே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்று அவர் தெரிந்துகொள்வார்.