மலையேறிப்போன 98 சதவீதம்

2023 அக்டோபரில் அமெரிக்கத் துணிகர முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பௌதிகப் பிரச்சினை எதுவானாலும் இன்னும் கொஞ்சம் தொழில்நுட்பத்தைக் கொட்டினால் தீரும். சந்தையைத் தடுக்காமல் விட்டால் அது எல்லோருக்கும் போய்ச் சேரும். செயற்கை நுண்ணறிவுக்குக் குறுக்கே நிற்பது கொலைக்குச் சமம். சாரம் இவ்வளவுதான். வரிக்கு வரி ‘நம்புகிறோம், நம்புகிறோம்’ என்று ஜெபம். கூடவே புனிதர்களின் பட்டியல் ஒன்று. அதில் 1919இல் இத்தாலியப் பாசிச அறிக்கையை உடனிருந்து எழுதிய மரினெட்டி இருக்கிறார். அயன் ராண்ட் நாவலின் கதாபாத்திரம் ஒன்றும் இருக்கிறது. பிறக்காமலே புனிதரானவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

கலிபோர்னியக் கோடீஸ்வரரின் நம்பிக்கைக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்? சென்னை, கோவை தொழில்முனைவோர் மேடைகளில் இதே சரக்கு தமிழில் விற்கப்படுகிறது என்பதால். ‘மலைக்கிராமத்துக்கு ஒரு செயலி போதும், இடைத்தரகன் ஒழிவான், வறுமை ஒழியும்’ என்று கழுத்தில் அடையாள அட்டையோடு பேசுகிறார்கள். அதனால் என் பதிலைப் புதூர்நாட்டில் நின்று சொல்கிறேன். திருப்பத்தூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில், ஜவ்வாது மலையின் மேல், மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். மானாவாரி நிலம். சாமையும் கேழ்வரகும் அதன் விளைச்சல்.

ஆண்ட்ரீசன் கையில் கனமான வாதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையே முதலில் எடுக்கிறேன். புதுமையைக் கொண்டுவருகிறவர்கள் அதன் பயனில் சுமார் 2 சதவீதத்தைத்தான் லாபமாக எடுக்கிறார்கள், மீதி 98 சதவீதம் சமூகத்துக்கே போகிறது என்று பொருளியலாளர் வில்லியம் நார்தாஸ் நிறுவியிருக்கிறாராம். ஆகவே பணக்காரனைப் பார்த்து வயிறெரியாதே, அவன் எடுத்தது கிள்ளிப் போட்ட அளவு.

நார்தாஸ் கணக்குப் பார்த்தது எதை? 1948 முதல் 2001 வரையிலான அமெரிக்காவை. அதிலும் விவசாயம் நீங்கலான தொழில்களை. அந்த 98 பெரும்பாலும் விலைக்குறைவாக வாடிக்கையாளரைச் சேருகிறது. வாங்கக் காசும் விற்கக் கடையும் இருக்கும் இடத்தில்தான் விலை குறைவதால் பயன் என்ற பேச்சே எழும். ஒரு நாட்டின், அரை நூற்றாண்டின், உழவைத் தள்ளிவைத்த கணக்கை மனிதகுலத்தின் விதியாக்கி நம் தலையில் கட்டுகிறார். அதே நார்தாஸுக்கு 2018இல் நோபல் கிடைத்தது பருவநிலை மாற்றத்தைப் பொருளியலுக்குள் கொண்டுவந்ததற்காக. கரியமில வாயுவுக்கு விலை வைக்காவிட்டால் சந்தை தப்பாகத்தான் கணக்குப் போடும் என்பது அவர் நிலை. ஆண்ட்ரீசனின் எதிரிகள் பட்டியலில் நிலைத்த வளர்ச்சி என்ற கருத்தே இடம்பெற்றிருக்கிறது. சாட்சிக்குக் கூப்பிட்ட ஆளின் வாக்குமூலத்தை இவர் முழுதாகப் படிக்கவில்லை.

அடுத்தது பசி. பசி இருந்தது, பசுமைப் புரட்சியைக் கண்டுபிடித்தோம் என்று இரண்டே மூச்சில் முடித்துவிடுகிறார். யார் கண்டுபிடித்தது? ஐ.ஆர்.8 நெல் 1966இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அந்த நிலையம் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் எழுந்தது. மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்தது இந்திய அரசு. அப்போது உணவமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். 1965இல் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் பிறந்தன. கழகம் வேலையைத் தொடங்கியதே தஞ்சாவூரில். விதை, உரம், உறுதியான விலை, கொள்முதல் எல்லாம் சேர்ந்துதான் புரட்சி. இதில் துணிகர முதலீட்டாளர் எந்த மூலையில் நின்றார்?

நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைத்த அந்த வரிசையில் சாமை நிற்கவே இல்லை. மத்திய அரசு ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்ப் பட்டியலில் கம்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் உண்டு. சாமை என்ற பெயர் இன்றும் இல்லை.

சாமை அரிசியாக வேண்டுமானால் தோல் போக வேண்டும். மணியோ பொடி. சாதாரண நெல் மில்லில் போட்டால் ஒரு பங்கு நொறுங்கும், ஒரு பங்கு தோலோடு அப்படியே வெளியே வரும். ஆகவே வெயிலில் காயவைத்து, உரலில் கொட்டி, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டு, முறத்தில் புடைத்து, உமியை விலக்கி, தோல் போகாததை மறுபடி உரலுக்கே அனுப்ப வேண்டும். பிறகு கல் பொறுக்க வேண்டும். ராத்திரி சோற்றுக்கு மத்தியானமே உலக்கை பிடித்தாக வேண்டும். தோள்பட்டையும் முதுகும் என்ன ஆகும் என்பதைக் குத்தியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த வேலையை ஒழிக்கும் இயந்திரம் பெரிய வித்தை அல்ல. மணிகளைச் சுழற்றி வீசி மோதவைத்துத் தோல் உரிக்கும் சக்கரம், சல்லடை, மோட்டார். ஆண்ட்ரீசனின் சந்தை அதை ஏன் பல தலைமுறைக்கு முன்பே மலையேற்றவில்லை? உலக்கை பிடித்தவளின் உழைப்புக்குச் சந்தையில் விலை கிடையாது. விலையில்லாத வலி அதன் கண்ணில் படாது. நகரத்துச் சர்க்கரை நோயாளி சாமை கேட்கத் தொடங்கிய பிறகு சந்தைக்குக் கண் திறந்தது, அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் இயந்திரத்தை ஏற்றிவிட்டதில் அரசு மானியத்துக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. புதிய சாமை ரகங்களைத் தருவது திருவண்ணாமலை அத்தியந்தலில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம். அதாவது பொதுப்பணம்.

சந்தை இந்த மலைக்குத் தானாக வரவே இல்லையா என்றால், வந்தது. செயலி இல்லாமல், மேடை இல்லாமல், கச்சிதமாக வந்தது. கிழக்காசியாவில் செம்மரத்துக்கு விலை ஏறியபோது, மரம் வெட்டத் தெரிந்த கைகள் ஜவ்வாது மலையில் இருக்கின்றன என்ற தகவல் தரகர்களுக்கு எட்டியது. முன்பணம் வந்தது, வண்டி வந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. தேவை, வழங்கல், விலைத் தகவல், எல்லாம் பாடநூலில் உள்ளபடி வேலை செய்த சந்தை அது. சந்தை மனிதர்களை வறுமையிலிருந்து தூக்கிவிடும் என்று எழுதியவர் இந்தக் கணக்கை எந்தப் பத்தியில் வைப்பார்?

பிரகடனத்தின்படி இருளும் ஒரு பிரச்சினையாம், மின்விளக்கு அதற்குத் தீர்வாம். இதே மலைத்தொடரில் காவலூர் இருக்கிறது. வைனு பாப்பு வானாய்வகத்தை அங்கே வைக்க இருண்ட வானமும் ஒரு காரணம். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ராமானுஜன் பெயரைத் தாங்கும் சிறுகோளை 1988இல் கண்டதும் காவலூரில்தான். சுற்றிலும் விளக்குகள் பெருகுவதுதான் அந்த ஆய்வகத்துக்குப் பிரச்சினை. பிள்ளைகள் படிக்க விளக்கு வேண்டும், கருவிக்கு இருட்டு வேண்டும். எது எங்கே, எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் தொழில்நுட்பம் என்பது அந்தப் பேச்சுக்கு மாற்று ஆகாது. மலைமேல் நட்சத்திரம் பார்க்கக் கண்ணாடி வைப்பதில் எந்த முதலீட்டாளருக்கும் லாபம் இல்லை என்பது வேறு.

பொதுப்பணத்தைப் பற்றிப் பேசுகையில் இதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ரீசனுக்குப் பேர் வாங்கித்தந்த மொசைக் உலாவி 1993இல் எங்கே உருவானது? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில், அமெரிக்க அரசின் நிதியில். ஏறிய பிறகு ஏணியைத் தள்ளிவிடுவது பழைய கதை. ஏணியே கிடையாது, நான் பறந்து வந்தேன் என்பது இவர் சேர்த்தது.

பிரகடனத்தில் ஓரிடத்தில் உள்ளூர் அறிவை மெச்சுகிறார். விவரம் தெரிந்தவர்களே முடிவெடுக்க வேண்டும், கடவுள் வேஷம் போடக் கூடாது என்கிறார். நல்லது. புதூர்நாட்டின் விவரம் யாருக்குத் தெரியும்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் முடிவெடுக்கும் உரிமையைக் கிராம சபையிடம்தான் கொடுத்தது. ஆனால் அந்தச் சபை கேட்கக்கூடிய கேள்விகள், இதனால் யாருக்குக் கேடு, கேடு வந்தால் யார் பொறுப்பு, கொஞ்சம் பொறுத்துச் செய்யலாமா என்பவை, அவருடைய எதிரிகள் பட்டியலில் முன்னெச்சரிக்கைக் கொள்கை, இடர் மேலாண்மை, சமூகப் பொறுப்பு என்ற பெயர்களில் நிற்கின்றன.

இந்தியர்கள் கேள்வி கேட்டால் அவருக்கு என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்தோம். 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டத்தை நிறுத்தும் விதியைக் கொண்டுவந்தது. ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த ஆண்ட்ரீசன், காலனி எதிர்ப்பே இந்தியர்களின் பொருளாதாரத்தைக் கெடுத்தது என்று ட்விட்டரில் எழுதினார். பிறகு அழித்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

ஊருக்குத்தான் உபதேசம். 2020இல் ‘கட்டுங்கள், கட்ட வேண்டிய நேரம் இது’ என்று கட்டுரை எழுதி, வீடு கட்டவிடாமல் தடுப்பவர்களைச் சாடியவர் இவர். 2022இல் இவர் வசித்த கலிபோர்னிய நகரமான ஆதர்டனில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீடுகளுக்கு இடம் ஒதுக்கும் திட்டம் வந்தது. இவரும் இவர் மனைவியும் கடுமையாக எதிர்த்து நகர நிர்வாகத்துக்கு எழுதினார்கள். வீட்டு மதிப்பு குறையும், இரைச்சல் கூடும் என்றார்கள். அக்கம்பக்கத்தாரும் எதிர்க்கவே, நகர சபை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.