தலையை எண்ணினார்கள், வாக்கை எண்ணவில்லை

சப்ரகமுவ மாகாண சபையின் ஆயுட்காலம் 2017இல் முடிந்தது. அதன் பிறகு அந்தச் சபைக்குத் தேர்தலே இல்லை. ஆளுநரின் கையில் மாகாணம் ஓடிக்கொண்டிருக்கிறது. தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணம் புதிய தேர்தல் முறை. பாதிப் பேரைத் தொகுதிவாரியாகவும் மீதிப் பேரை விகிதாசாரப்படியும் தெரிவு செய்ய வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். அதற்காகத் தயாரான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அதை ஆதரித்து ஒரு கை கூட உயரவில்லை. கொண்டுவந்தவர்களே எதிர்த்து வாக்களித்தார்கள். அறிக்கை செத்தது, மாகாண சபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் தொகுதி முறை வேண்டும் என்ற பேச்சு சாகவில்லை.

விருப்பு வாக்குச் சண்டையைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்தப் பேச்சு இனிக்கும். "நம்ம ஊருக்கு நம்ம எம்.பி." என்பதில் யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் பெட்டியாகல, ராசகல தோட்டங்களின் லயங்களில் இருப்பவர்கள் தலையாட்டுவதற்கு முன், பலாங்கொடைத் தொகுதி தங்களுக்கு என்ன செய்தது என்பதை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

1947 பொதுத் தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என்று இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஆட்கள் சபைக்குப் போனார்கள். சப்ரகமுவவிலிருந்து அப்படி யாரும் போகவில்லை. பலாங்கொடையிலிருந்து போனவர் சேர் பிரான்சிஸ் மொலமுரே. அவர்தான் அந்த நாடாளுமன்றத்தின் முதல் சபாநாயகர். அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. ஆக, பலாங்கொடைத் தோட்டத் தொழிலாளி நாடற்றவனாக்கப்பட்ட சட்டங்கள் நிறைவேறியபோது சபைக்குத் தலைமை தாங்கியவர் பலாங்கொடையின் உறுப்பினர். சபாநாயகர் நடுநிலையானவர், அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனாலும் இந்தப் பொருத்தம் உறுத்தாமல் இல்லை.

உறுத்தல் அதோடு நிற்கவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் திகதி டெல்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமர் சிறிமாவோ, பலாங்கொடை ரத்வத்தைக் குடும்பத்தின் மகள். நாடற்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கதை பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். கொழுந்துச் சாக்கைப் பிரிப்பதுபோல. 1970இல் பலாங்கொடையில் வென்ற மல்லிகா ரத்வத்தையும் அதே குடும்பத்தவர். அவர்கள் வென்ற தேர்தல்களில், அவர்கள் வளவைச் சுற்றியிருந்த தேயிலை மலைகளில் பெரும்பாலானவர்களுக்கு வாக்குச் சீட்டு இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. சோல்பரி யாப்பின்படி 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம். ஆயிரம் சதுர மைலுக்கு மேலதிகமாக ஒன்று. கவனியுங்கள்: ஆட்கள், வாக்காளர்கள் அல்ல. 1959இல் தொகுதிகளை மறுபடி பிரித்தபோது வாக்கில்லாத தோட்ட மக்களும் ஆள் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 1976 மறுபிரிப்பில் ஆசனத்துக்கு 90,000 ஆட்கள் என்று அளவு மாறியிருந்தது. ஆள் கணக்கு மாறவில்லை. அதனால் மலைநாட்டு மாகாணங்களுக்கு ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரிவு செய்யும் உரிமை மட்டும் மற்றவர்களுக்கு. லயத்தில் பிறந்த பிள்ளை தொகுதிக்குத் தலைக்கணக்குக் காட்டியது. அந்தப் பிள்ளையின் அப்பாவைத்தான் "கள்ளத்தோணி" என்றார்கள்.

1977இல் பலாங்கொடை வேறு விதமாக வாக்களித்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.எல்.எம். அபூசாலி வென்றார். சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒரு முஸ்லிமைத் தெரிவு செய்தது. 2024இல் பலாங்கொடை அடங்கிய மாவட்டமே அதைவிடப் பெரிய காரியம் செய்தது: தேசிய மக்கள் சக்தியின் சுந்தரலிங்கம் பிரதீப் இலட்சத்தைத் தாண்டிய விருப்பு வாக்குகளோடு இரத்தினபுரியிலிருந்து நாடாளுமன்றம் போனார், பிரதி அமைச்சரும் ஆனார். அவ்வளவும் தோட்டத்து வாக்கு அல்ல. அவ்வளவு தோட்டத்து வாக்கு இந்த மாவட்டத்தில் இல்லவே இல்லை. அயலவர்கள் மனதார வாக்களித்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விடுவது நன்றிகேடு.

"அப்படியானால் தோட்டத்து மக்களுக்குத் தனி ஏற்பாடு எதற்கு?" என்று கேட்கலாம். இரண்டு வெற்றிகளும் பேரலை அடித்த ஆண்டுகளில் வந்தவை. 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ ஒரே கட்சி அள்ளியது. 2024இல் 225இல் 159ஐ. அலை வந்தால் யாருக்கும் கரை கிடைக்கும். அலை வற்றும் ஆண்டில், கட்சித் தலைமை வேட்புமனுவில் ஒரு தமிழ்ப் பெயரைப் போடுமா என்பது தலைமையின் தயவு. தயவில் கிடைத்த உறுப்பினர் தயவு காட்டியவருக்குப் பதில் சொல்வார். லயத்துக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

2012 குடிசன மதிப்பீட்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் ஏறக்குறைய 87 வீதம் சிங்களவர். இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்று இரண்டு நிரலில் எழுதப்பட்டவர்களைக் கூட்டினால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். (நிரல் மாறினாலும் பெரும்பாலும் லயம் ஒன்றுதான்.) மாவட்டத்துக்கு 11 ஆசனங்கள். விகிதாசாரத்தில் ஒன்றுக்கு நியாயமான உரிமை உண்டு. அதே மக்களை எட்டுத் தனித் தொகுதிகளில் பிரித்துப் போட்டால் எட்டிலும் அவர்கள் சிறுபான்மை. ஒன்றிலும் உரிமை இல்லை. 1977, 1981, 1983 வன்செயல்களில் இந்த மாவட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்தும் ஓடிவிட்டன என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வழி இல்லாமல் இல்லை. இந்த நாட்டிலேயே இருந்த வழிதான். 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி. காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோரோடு மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் வந்தார். வாக்காளருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் ஒருவருக்கே போடலாம். பெரும்பான்மை எதையும் இழக்கவில்லை, சிறுபான்மை வெறுங்கையோடு திரும்பவுமில்லை. தொகுதி முறை வந்தே தீரும் என்றால், பலாங்கொடை, இறக்குவானை, பெல்மதுளை ஆகியவற்றை ஒன்றாக்கி அப்படியொரு பல அங்கத்தவர் தொகுதியை ஏற்படுத்த வேண்டும். அது முடியாதென்றால் இருக்கிற விகிதாசாரத்தில் கை வைக்கக் கூடாது. இரண்டில் எதுவானாலும் மாகாண சபைத் தேர்தலை அதுவரை தள்ளிப்போட நியாயமில்லை. பழைய முறையிலேயே நடத்தலாம்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 2012 மாகாண சபைத் தேர்தலில் தமிழ்க் கட்சிகள் ஒன்றாகச் சேவல் சின்னத்தில் நின்றபோது இரத்தினபுரியில் ஒன்று, கேகாலையில் ஒன்று என்று இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு ஆளுக்கொரு பட்டியலில் நின்று ஒரே லயத்து வாக்கை நான்காகக் கிழித்ததுதான் மிச்சம். எல்லை நிர்ணயக் குழு அடுத்த முறை மக்களிடம் கருத்துக் கேட்கும்போது நான்கு சங்கங்கள் நான்கு மனுக் கொடுக்க வேண்டாம். தோட்டத் தலைவர்கள், ஆசிரியர்கள், பிரதேச சபை உறுப்பினர்கள் கூடி, தோட்டவாரியாக வாக்காளர் தொகையை எழுதி, ஒரே மனுவை இப்போதே தயாராக வைத்திருங்கள். கேட்கும்போது எழுதத் தொடங்கினால் தவணை முடிந்திருக்கும்.