நாடகத்தில் அழுகை! கலியாணத்தில் வசூல்!

சென்ற மாதத்தில் ஆண்டிபட்டியில் ஒரு டீக்கடையில் சிறிது நேரம் தங்கும்படி நேர்ந்தது. சக்கம்பட்டி நெசவாளர் சிலரும், வைகை அணைப் பக்கத்துக் குடியானவர் இருவரும் அங்கே வெகு உக்கிரமாய் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். நூல் விலையைப் பற்றியோ, தண்ணீர் திறப்பதைப் பற்றியோ பேசுகிறார்களாக்கும் என்று காது கொடுத்தோம். அதொன்றுமல்ல. பல மாதமாய் நடந்துவரும் ஒரு தொடர்கதையில் மாமியார் ஒருத்தி மருமகளைச் சீர் போதவில்லை என்று வதைக்கிறாளாம். அந்த மருமகள் தாய்வீடு போவாளா, போலீசுக்குப் போவாளா, பொறுத்துக்கொண்டு கிடப்பாளா என்பதே வாதம்.

“ஏண்ணே, அந்தக் கிழவியை இன்னும் எத்தனை நாளைக்குத்தான் விட்டு வைக்கிறது?” என்று எல்லாரையும்விட அதிகமாய்க் கொதித்தவர் ஒரு பெரியவர். அவர் கண்ணில் நீரும் வந்துவிட்டது. ஆனால் கால் மணி நேரத்துக்குள் ஒரு தரகர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு அவருடைய மகன் கலியாணத்துக்குத் திரும்பியது. இருபத்தைந்து பவுன் நகை, ஒரு மோட்டார் சைக்கிள், அதற்குக் குறைந்தால் பேச்சில்லை என்று அதே பெரியவர் அதே வாயால் சொன்னார்.

நாம் பொறுக்கமாட்டாமல், “ஐயா, இப்பொழுதுதானே அந்தக் கிழவியைத் திட்டினீர்கள்?” என்று கேட்டோம். “அது கதைங்க, இது ஊர் வழக்கம்” என்றார். சற்றுப் பொறுத்து, “எம் மகளைக் கட்டிக் கொடுக்கறப்ப ரெண்டு தறியை வித்தேனுங்க. அதை எங்கிட்டுப் போய் மீட்கிறது?” என்றும் சொன்னார்.

அந்தப் பெரியவரைப் பரிகாசம் செய்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கெட்டவர் அல்ல. கதையில் வரும் பெண்ணுக்காக அழத் தெரிந்தவர் கெட்டவராய் இருக்க முடியாது. ஆனால் அந்த அழுகை டீக்கடையோடு ஏன் நின்றுவிடுகிறது, வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போக ஏன் மறுக்கிறது என்பதே நமது கேள்வி.

கதையைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசுவது வேலையற்றவன் வேலை என்று படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் ஏளனம் செய்கின்றார்கள். இது நம் நாட்டில் மாத்திரம் உள்ள பழக்கமல்ல. இங்கிலாந்திலே “ஆர்ச்சர்ஸ்” என்று ஒரு கிராமிய ரேடியோ நாடகம் உண்டு. 1950ல் ஒரு பகுதியில் பரீக்ஷார்த்தமாய் ஒலிபரப்பி, 1951 ஜனவரி 1ந் தேதி முதல் நாடு முழுமைக்கும் ஆரம்பித்த அந்த நாடகம் இன்றுவரை நடந்துவருகின்றது. அதை ஆரம்பித்த காரணம் என்ன? யுத்தத்துக்குப் பின் அந்நாட்டில் உணவுப் பஞ்சம். குடியானவர்களுக்குப் புதிய விவசாய முறைகளைச் சொல்ல வேண்டியிருந்தது. பிரசங்கம் செய்தால் எவன் கேட்பான்? ஆதலால் ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தை உண்டாக்கி, அவர்கள் வாயால் உரத்தையும் மாட்டையும் பற்றிப் பேச வைத்தார்கள்.

1955 செப்டம்பர் 22ந் தேதி அந்த நாடகத்தில் கிரேஸ் என்ற பெண் குதிரை லாயத்தில் பற்றிய தீயில் இறந்துபோனாள். உடனே உண்மையாகவே ஒரு பெண் செத்துவிட்டதுபோல் ஜனங்கள் துக்கப்பட்டார்கள். ரேடியோ நிலையத்துக்குக் கடிதங்களும் புஷ்பங்களும் வந்து குவிந்தன. எழுத்து வாசனை நிறைந்த தேசம் என்று சொல்லப்படும் இங்கிலாந்தின் கதி இதுவென்றால், ஆண்டிபட்டி நெசவாளரை மாத்திரம் குறை சொல்லுவானேன்?

அன்றியும், கதைக்குள்ள பலத்தைப் பற்றி ஆண்டிபட்டியாருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. 1984ல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த எம்.ஜி.ஆரை, அவர் ஒரு நாள்கூட வந்து ஓட்டுக் கேட்காமலே, சட்டசபைக்கு அனுப்பிய ஊர் இது. திரையில் கண்ட கதாநாயகனுக்கு அதில் எவ்வளவு பங்கு உண்டு என்பதை அவரவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நிற்க, கதையைப் பேசிய பேச்சு காரியமாய் மாறியதற்கு நம் நாட்டிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கின்றது.

1996 பிப்ரவரி முதல் 1997 பிப்ரவரி வரை அகில இந்திய ரேடியோ, “திங்கா திங்கா சுக்” என்ற ஒரு இந்தி நாடகத்தை 104 பகுதிகளாக ஒலிபரப்பியது. சிறு சிறு காரியங்களிலேயே சுகம் இருக்கிறது என்பது அந்தப் பெயரின் கருத்து. அதில் பூனம் என்ற ஒரு பெண். கலியாணமாகிப் போன இடத்தில் வரதட்சணை போதவில்லை என்று புருஷனும் அவன் வீட்டாரும் அவளை அடித்து அவமானப்படுத்துகின்றார்கள். கடைசியில் அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளுகின்றாள்.

உத்தரப் பிரதேசத்தில் லுட்சான் என்ற ஒரு கிராமத்தார் இந்த நாடகத்தைக் கூடியிருந்து கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கலைந்து போய்விடவில்லை. பூனத்துக்கு நேர்ந்தது சரியா, யார் பேரில் குற்றம், நம் ஊரில் இத்தனை பூனங்கள் இல்லையா என்று பேசினார்கள். ஊர்த் தையற்காரர் ஒருவர் முன்னின்றார். 1996ம் வருஷக் கடைசியில் ஒரு பெரிய காகிதத்தில், இனி வரதட்சணை கொடுப்பதுமில்லை வாங்குவதுமில்லை என்ற கருத்தை எழுதி, 184 பேர் கையெழுத்தும் கைரேகையும் வைத்து ரேடியோ நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதைக் கண்டு ஆச்சரியப்பட்ட ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் கிராமத்துக்கே போய் விசாரித்துப் புஸ்தகங்களில் எழுதியிருக்கின்றார்கள்.

184 கையெழுத்தால் அந்த ஊரில் வரதட்சணை அடியோடு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. பல தலைமுறையாய்ப் பிடித்த நோய் ஒரு காகிதத்தால் போய்விடாது. ஆனால் பெயர் போட்டு வெளிப்படையாய்ச் சொன்ன மனிதன், மறுவருஷம் தன் மகனுக்குப் பவுன் பேசும்போது ஊரார் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமா இல்லையா? அந்தக் கூச்சம் ஒன்றே பெரிய லாபம் என்போம்.

சட்டம் செய்யாத காரியத்தை ஒரு நாடகம் எப்படிச் செய்யும் என்று சிலர் கேட்கலாம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. கொடுப்பவனும் குற்றவாளி, வாங்குபவனும் குற்றவாளி என்கிறது அச்சட்டம். மனைவியைக் கொடுமை செய்வதற்குத் தண்டனை 1983லும், வரதட்சணைச் சாவுக்குத் தனிப் பிரிவு 1986லும் ஏற்பட்டன. இவ்வளவும் இருந்தும் 2022ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் சர்க்கார் கணக்குப்படியே 6,000க்கு மேற்பட்ட வரதட்சணைச் சாவு வழக்குகள் பதிவாயின. கணக்கில் வராதவை எத்தனையோ! ஏன் இப்படி? பெண் செத்த பிறகு போலீசு வரும். சம்பந்தம் பேசும் திண்ணைக்கு எந்தப் போலீசும் வருவதில்லை. அந்தத் திண்ணைக்கு வரக்கூடியது ஊராரின் அபிப்பிராயம் ஒன்றுதான். அந்த அபிப்பிராயத்தை உண்டாக்கக் கதை உதவுகின்றது.

எப்படியெனில், “உன் மருமகளை நீ வதைக்கிறாய்” என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னால் கைகலப்புதான் வரும். “பூனத்தின் மாமியார் செய்தது அக்கிரமம்” என்று சொன்னால் எவனுக்கும் கோபம் வராது. எவன் வீட்டு மானமும் போகாது. ஆனால் வதைக்கின்றவன் நெஞ்சிலே மாத்திரம் அது போய்த் தைக்கும். ஆண்கள் முன் வாய் திறவாத பெண்களும் கதையைப் பற்றியென்றால் தாராளமாய்ப் பேசுவார்கள். தன் கஷ்டத்தைச் சொல்ல முடியாதவள் பூனத்தின் கஷ்டமாய் அதைச் சொல்லிவிடுவாள்.

ஆனால் கதை மாத்திரம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை டெல்லி டெலிவிஷனில் “ஹம் லோக்” என்ற தொடர் 156 பகுதிகளாய் நடந்தது. அதில் பாகவந்தி என்று ஒரு தாய். எல்லா இழிவையும் பொறுத்துக்கொண்டு வாய்பேசாமல் கிடப்பவள். இப்படி இருக்கக் கூடாது என்று காட்டவே அவளை அமைத்தார்கள். ஆனால் பார்த்தவர்களில் பலர், பெண்ணென்றால் இவளல்லவா பெண் என்று அவளையே மெச்சினார்கள் என்று ஆராய்ச்சியில் தெரிந்தது! இது எதனால்? நாற்றமெடுத்த புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்து சென்ற நளாயினியை உத்தமி என்று பிரசங்கம் கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுகள், பாகவந்தியிடமும் அதையேதான் கேட்கும். அடிமைத்தனத்தைப் பொறுமையென்றும், அடியைத் தலைவிதியென்றும் சொல்லிக்கொடுத்த புத்தி, எந்தக் கதையையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். ஆகையால் கதை கேட்டபின் விவாதம் வேண்டும். “ஏன் பொறுக்க வேண்டும்?” என்று கேட்பதற்குக் கூட்டத்தில் ஒருவனாவது வேண்டும்.

ரேடியோ என்ற கருவி தானாக நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. 1994ல் ருவாண்டா தேசத்தில் ஒரு ரேடியோ நிலையம் ஒரு இனத்தாரைக் கரப்பான் பூச்சிகள் என்று தினமும் தூற்றிக் கொலைக்குத் தூண்டிற்று. ஏறக்குறைய நூறு நாளில் லட்சக்கணக்கான பேர் வெட்டுண்டு மாண்டார்கள். அதே தேசத்தில் 2004 முதல், இரண்டு குன்றுகளின் மேலுள்ள இரண்டு கிராமங்களின் பகையையும் சமாதானத்தையும் பற்றிய ஒரு ரேடியோ நாடகம் நடத்தி, ஜனங்களை ஒற்றுமைப்படுத்த முயன்றார்கள். கருவி ஒன்றே. பேசியவன் வேறு, கேட்டவன் யோசித்தானா என்பது வேறு.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. 1960களில் திருச்சி ரேடியோ ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தஞ்சைக் குடியானவர்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாட்டன் போட்ட விதைதான் வழக்கம், அதை மாற்றமாட்டேன் என்று அவர்கள் பிடிவாதம் செய்யவில்லை. விளைச்சல் கண்டார்கள், மாற்றினார்கள். விதையில் வழக்கத்தை விடத் தெரிந்தவனுக்கு, மகள் உயிர் விஷயத்தில் மாத்திரம் “ஊர் வழக்கம்” எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றோம்.

இனி, தறி விற்ற பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய நஷ்டம் உண்மை. அவருடைய துக்கமும் உண்மை. ஆனால் அவர் தறியை விழுங்கியவன் அவர் மகளைக் கட்டியவன். அந்தக் கடனை, அவருக்கு ஒரு தீங்கும் செய்யாத வேறொரு பெண்ணின் தகப்பனிடம் வசூலிப்பது என்ன நியாயம்? அந்தத் தகப்பனும் இரண்டு தறியை விற்பான். அவன் தன் மகனுக்குப் பெண் தேடும்போது மூன்றாமவன் தறி போகும். இந்தப்படியே போனால் ஊரில் தறி எல்லாம் போய், மிஞ்சுவது அடகுக்கடை ஒன்றுதான்.

இந்தச் சங்கிலியை எங்கே அறுப்பது? பெண்ணைப் பெற்றவன், “கொடுக்கமாட்டேன்” என்று சொன்னால் அவன் பெண் வீட்டில் தங்கிவிடுவாள் என்ற பயம் அவனுக்கு இருக்கின்றது. பிள்ளையைப் பெற்றவன், “வாங்கமாட்டேன்” என்று சொன்னால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்? ஆதலால் அறுக்கும் கத்தி பிள்ளை வீட்டார் கையில்தான் இருக்கின்றது. பெண்ணுக்குக் கொடுத்து நொந்தவனே பிள்ளைக்கு வாங்க மறுப்பதற்கு முதல் யோக்கியதை உடையவன். ஏனெனில் அந்த வலி அவனுக்குத்தான் தெரியும்.

தோழர்களே! நாம் கேட்பது பெரிய தியாகமல்ல. கொடைக்கானல் மலையிலிருந்து ரேடியோ கேளுங்கள். தொடர்கதை பாருங்கள். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று டீக்கடையிலும் தறிக்கூடத்திலும் நன்றாய்ச் சண்டையும் போடுங்கள். ஆனால் எழுந்திருக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் உள்ள கொடுமை நம் தெருவில் யார் வீட்டில் நடக்கிறது? அதில் நம் பங்கு என்ன? அதை நிறுத்த நாளைக்கு நாம் செய்யப்போவது என்ன? மூன்றாவது கேள்விக்கு வந்த பதிலை ஒரு காகிதத்தில் எழுதி, பிள்ளையைப் பெற்றவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். லுட்சானில் 184 என்றால் ஆண்டிபட்டியில் பத்துப் பேரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

புரோகிதரும், ஹோமமும், சீர்வரிசையும் இல்லாமல் மாலை மாற்றிச் செய்துகொள்ளும் கலியாணமும் சட்டப்படி செல்லும் என்று தமிழ்நாட்டில் 1967லேயே ஆகிவிட்டது. ஆகவே சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

ரேடியோவில் செத்த பூனத்தை எழுதினவன் நினைத்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம். நம் தெருப் பெண்ணின் கதையை எழுதுவது யார்? பிரமனல்ல, தலைவிதியுமல்ல. தரகரோடு திண்ணையில் உட்கார்ந்து பவுன் கணக்குப் பேசும் நாமேதான் எழுதுகின்றோம். அடுத்த முகூர்த்தத்துக்குள் அதை மாற்றி எழுத மனம் வருமா என்பதை அந்தப் பெரியவரும் மற்றவர்களும் யோசிப்பார்களாக.